அப்பாவின் கோணல் வாய்

தாமிரா எஜேயை நான் நம்பினேன். எஜே என்றால் அக்கா. கிர்கிஸ்தானில், எங்கள் காரகோல் ஊரில், ஆசிரியைகளையும் அப்படித்தான் கூப்பிடுவோம். கோடை விடுமுறையில் எங்கள் பன்னிரண்டு பேருக்கு அக்ரிலிக் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். எல்லோருக்கும் பதினைந்து, பதினாறு வயது.

முதல் நாளே சொன்னார்: "நான் படிச்ச எடத்துல வாத்தியாரு பிரஷ்ஷப் பிடுங்கி நம்ம படத்துலயே திருத்துவாரு. கடைசியில அது யாரு படம்னே தெரியாது. நான் உங்க படத்தத் தொடமாட்டேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, அக்ரிலிக் காஞ்சா காஞ்சதுதான். மேல பூசலாம், துடைக்க முடியாது." அந்தப் பேச்சில் விழுந்துவிட்டேன்.

முகம் வரையச் சொன்னபோது அப்பாவைக் கேட்டேன். அப்பா லாரி ஓட்டியவர். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. அதிலிருந்து கல்யாண விருந்துக்குக்கூடப் போவதில்லை. வீட்டுச் சுவரிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டார்.

"இந்த மூஞ்சியவா? போய் ஆட்ட வரை. அதுவாச்சும் லட்சணமா இருக்கும்."

"ஆடு ஒரு எடத்துல நிக்காது. எனக்கு உங்க மூஞ்சிதான் வேணும்."

"இப்படியேவா?"

"இப்படியேதான்."

ஒன்பது நாள் ஆப்பிள் மரத்தடியில் எனக்காக உட்கார்ந்தார். வாயை மூன்று தடவை வரைந்தேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது, பாதிச் சிரிப்பில் நின்றுபோன வாய். அப்பாவிடம் காட்டவில்லை, வகுப்பு முடிவில் நடக்கும் கண்காட்சியில் வந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சவரம் பண்ணிக்கணும்" என்றார். எட்டு மாதத்தில் அவர் நாலு பேர் கூடும் இடத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை.

அன்று நான் முன்னாலேயே போய்விட்டேன். சுவரில் அப்பா நேரான வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார். உதட்டுக்குக் கீழே நிழலில் ஊதா. எங்கள் வகுப்பில் நிழலுக்கு ஊதா கலக்கிறவர் ஒருவர்தான். ஈரத்துணியால் தேய்த்தேன், நகத்தால் சுரண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

தாமிரா எஜே வந்து என் கையைப் பிடித்தார். "சாய்கல், என்ன பண்றே? மாவட்ட ஆபீஸ்லேர்ந்து பெரியவங்க வர்றாங்க. கொஞ்சம் நேராக்கினேன், அவ்வளவுதான். பாக்குறவங்க மொகம் சுளிக்கக் கூடாதில்ல? உங்கப்பாவுக்கும் சந்தோஷமா இருக்கும்."

பதில் சொல்வதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களோடு அப்பாவும், கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக. படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"இது நான் வரைஞ்சதில்லப்பா. இவங்க மாத்திட்டாங்க."

அப்பா தாமிரா எஜேயைப் பார்த்தார். அதிகாரிகளும் பார்த்தார்கள். அவள் சிரித்தாள். இதற்குமேல் 'சிரித்தார்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

"பொண்ணுக்குக் கூச்சம்" என்றாள். "புள்ளைங்க படத்த நான் தொடுறதே இல்லீங்க."

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே நடந்தார்.

பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சத்தியம்கூடச் செய்தேன். அவர் கோபப்படவில்லை.

"விடு புள்ள, டீச்சர் மேல பழி போடாத" என்றார். "ஒம்பது நாளா என்னையே பாத்துக்கிட்டு இருந்தியே, அப்பல்லாம் பழைய அப்பனத்தான் தேடிக்கிட்டு இருந்தியா?"