பிடித்ததைக் காட்டாதே

என் மனைவி பழைய மேஜை நாற்காலி வாங்கி விற்பவள். அந்தத் தொழிலில் ஒரே சட்டம்தான்: பிடித்த பொருளை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. முகம் மலர்ந்தால் விலை ஏறும். வீட்டில் எங்களுக்கும் அதே சட்டம்தான்.

மகளுக்குக் கணக்கு என்றால் உயிர். கல்லூரி தேடி அலைந்தோம். ஒன்றில் நீச்சல் குளம் இருந்தது, கணக்குக்கு ஆசிரியர் இல்லை. இன்னொன்றில் எல்லாம் இருந்தது, சேர்த்தால் கடையை விற்க வேண்டும். அடுத்ததில் சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடந்தது. ஆனால் ஆய்வுக்கூட மேஜைகளில் அமிலக் கறை, பிள்ளைகள் உண்மையிலேயே வேலை செய்கிற இடம். வராந்தாக் கரும்பலகையில்கூட யாரோ பாதி போட்டு வைத்த கணக்கு. கட்டணமும் கைக்கு அடக்கம். மகள் அந்தப் பலகை முன்னால் நின்றவள் நகரவே இல்லை.

"வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதே," என்று மனைவி அவளை இழுத்தாள். "பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க."

கணக்குத் துறையில் ஓர் இடம்தான் மீதி. தன் அறையில் எங்களை உட்காரவைத்து, துறைத் தலைவி மகளிடம் கேட்டார்: "ஏம்மா, எதுக்கு இந்தக் காலேஜ்?"

மகள் சுவரைப் பார்த்தாள். "சும்மா பாக்கலாம்னு வந்தோம். இன்னும் ரெண்டு இடம் பாக்கணும்."

"கணக்கு பிடிக்குமா?"

"பரவாயில்லை."

நல்ல வளர்ப்பு. மனைவி திருப்தியாகத் தலையாட்டினாள்.

துறைத் தலைவி பேனாவை மூடினார். "மார்க் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆசையில்லாதவங்களுக்கு எதுக்கு இடம்? போய் அந்த ரெண்டையும் பாருங்க."

பேரத்தில் அடுத்த படி எழுந்து வாசல்வரை போவது. பின்னாலிருந்து கட்டாயம் கூப்பிடுவார்கள். எழுந்தோம், வாசல்வரை போனோம். யாரும் கூப்பிடவில்லை.

மகளின் கண் நிறைந்துவிட்டது. மனைவி அதைப் பார்த்தாள். சட்டென்று திரும்பினாள்.

"மேடம், எங்களுக்கு இந்தக் காலேஜ் ரொம்பப் பிடிச்சிருக்கு." குரல் உடைந்தது. "இவ பொய் சொல்றா. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கணக்குன்னா இவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்."

"அதை அவ சொல்லட்டும்."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே அனுமதி இருந்தது.

"வெளியில போர்டுல ஒரு கணக்கு பாதியில நிக்குதே மேடம், அதை யார் போட்டாங்க? மூணாவது வரி எப்படி வந்துச்சுன்னே புரியல. அதைத் தெரிஞ்சுக்காம எப்படி வீட்டுக்குப் போறது?"

துறைத் தலைவி சிரித்தார். பேனாவைத் திறந்தார்.

திரும்பும்போது பேருந்தில் மனைவி புலம்பிக்கொண்டே வந்தாள். "அவசரப்பட்டுட்டேன். கொஞ்சம் பொறுத்திருந்தா ஃபீஸ்லயும் குறைச்சிருப்பாங்க."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் 'பிடிச்சிருக்கு' என்று அவள் சொல்லி நான் கேட்டது இன்றுதான். நான்கூட அவளுக்குப் 'பரவாயில்லை'தான்.