இருவராக வரும்போது

குளிர்பதனக் கிடங்கின் கூரை இடிந்து விழுந்த அன்று, எதிரே இருந்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடம் காத்திருப்போர் கூடமாக மாறியிருந்தது. பந்தாட்டக் கோடுகள் வரைந்த தரையில் ஆளுக்கொரு மூலையாகக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. இடிபாடுகளை அகற்றும் இயந்திரத்தின் உறுமல் உயரத்துச் சன்னல்களின் வழியே கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றால் கூடத்தில் பேச்சும் நின்றுவிடும். யாரையோ கண்டுவிட்டார்கள் என்று பொருள்.

அந்தக் குடும்பங்களுக்கு நடுவே பச்சை மேலங்கியுடன் நடமாடியவர்கள் பேரிடர்த் துணைக்குழுவினர். சம்பளம் இல்லாத தொண்டு. தலைவி, மற்ற நாட்களில் பல் மருத்துவர். பேருந்து நடத்துநராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவரை எல்லோரும் கண்டக்டர் என்றே அழைப்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நடுவயதுப் பெண்மணிக்குக் குழுவில் கண்ணாடிக்காரம்மா என்று பெயர். அவர் கண்ணாடி அணிவதில்லை என்பது கண்டக்டரின் தீராத கேலி.

இறப்புச் செய்தியை ஒருவர் தனியே போய்ச் சொல்லக் கூடாது என்பது குழுவின் விதி. இருவராகவே போக வேண்டும். ஒருவர் சொல்ல, ஒருவர் தாங்க. போய்விட்டார், கிடைக்கவில்லை என்றெல்லாம் சுற்றி வளைக்காமல், இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்ல வேண்டும். பயிற்சியில் இவற்றையெல்லாம் அக்கறையோடு சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கூடத்தில் இருப்பவர்களுக்கும் கண் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

நண்பகலுக்குள் கூடம் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. பச்சை மேலங்கி ஒன்று வந்தால் தேநீர், போர்வை, விசாரிப்பு. இரண்டு சேர்ந்து வந்தால், அவை யாரை நோக்கி வருகின்றன என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். தம்மைக் கடந்து போய்விட்டால் பெருமூச்சு விடுவார்கள். விட்டதற்காக வெட்கித் தலை குனிவார்கள்.

கண்ணாடிக்காரம்மாவின் பொறுப்பில் இருந்தவர்கள் இரண்டு பெண்கள். கிடங்கில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுபவரின் மனைவி ஒருத்தி. அவருடைய தங்கை ஒருத்தி. அண்ணியும் நாத்தனாரும் காலையிலிருந்து ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க அண்ணன் விடுற குறட்டைக்கு இந்நேரம் தேடுறவங்களுக்குக் காது கிழிஞ்சிருக்கணும்" என்றாள் நாத்தனார்.

"உங்கண்ணனுக்குப் படுத்தா போதும். எடம் பொருள் ஏதாச்சும் பாக்குறாரா?" என்றாள் மனைவி. "வரட்டும். அங்கயும் தூங்கிட்டியான்னு கேக்குறேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே ஒருத்தி முகத்தை மற்றவள் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

பிற்பகலில்தான் அந்தத் தவறு நேர்ந்தது. மனைவிக்கு நா வறண்டு பேச்சே எழவில்லை. பெரிய தண்ணீர்க் கேன் ஒன்றை அவர்கள் பக்கத்திலேயே வைத்துவிடலாம் என்று கண்ணாடிக்காரம்மா எண்ணினார். தனியே தூக்க முடியவில்லை.

"அண்ணே, ஒரு கை குடுக்குறீங்களா? சிரமத்துக்கு மன்னிக்கணும்."

"தண்ணி தூக்குறதுக்கா மன்னிப்பு? நல்ல ஆளும்மா நீங்க. புடிங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் நின்றிருந்தவர்களின் கால்களுக்கிடையே கேன் மறைந்துவிட்டது. பாயிலிருந்து பார்த்த கண்களுக்குத் தெரிந்தவை இரண்டு பச்சை மேலங்கிகள் மட்டுமே.

மனைவி அலறவில்லை. எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "வேண்டாம், வராதீங்க, அங்கயே நில்லுங்க" என்று இரண்டு கைகளாலும் காற்றைத் தள்ளினாள். நாத்தனார் பாயிலேயே சுருண்டு விழுந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, தண்ணிம்மா! வெறும் தண்ணி!" கண்டக்டர் கேனைத் தூக்கிக் காட்டப் போய்க் கால் இடறினார். கண்ணாடிக்காரம்மா முன்னால் ஓடினார். பாயருகே மண்டியிட்டு, இரண்டு பெண்களின் கைகளையும் பிடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் மன்னிப்புக் கேட்டார். மனைவியின் நடுக்கம் அடங்கவே இல்லை. அந்த நடுக்கத்தை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்ற தவிப்பில், பயிற்சியில் சொல்லித்தராத ஒன்றை அவர் சொல்லிவிட்டார்.

"இனிமே உங்ககிட்ட நான் தனியாத்தான் வருவேன்மா. நான் தனியா வந்தா பயப்படாதீங்க. ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மனைவி அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு கண்ணாடிக்காரம்மா ஒவ்வொரு முறை தேநீரோடு தனியே வந்தபோதும் அவள் முகத்தில் சற்றே உயிர் திரும்பியது. "அக்கா தனியாத்தான் வராங்க பாரு" என்று நாத்தனாரை இடித்துச் சொல்வாள். அவ்விதம் சொல்லப்பட்டபோதெல்லாம் கண்ணாடிக்காரம்மா தேநீரை வைத்துவிட்டு விரைந்து திரும்பினார். தேநீர் கொண்டுபோவதற்கே கால் கூசியது. போகாமல் இருக்கவும் முடியவில்லை. வரவில்லையென்றால் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாளே.

வெயில் தாழ்ந்தபோது இயந்திரம் நின்றது. வெகுநேரம் நின்றிருந்தது.

வாசலுக்கு வெளியே தலைவி கண்ணாடிக்காரம்மாவைத் தோளில் தொட்டு அழைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே இவருக்கு விளங்கிவிட்டது.

"வண்டி ஓட்டுறவர்தான். வண்டிக்குப் பக்கத்துலயே கெடந்திருக்கார். கூட வேலை பாக்குறவங்க ரெண்டு பேர் பாத்து உறுதி சொல்லிட்டாங்க. நீங்களும் கண்டக்டரும் போங்க."

"டாக்டரம்மா, தயவுசெஞ்சு வேற யாரையாவது..."

"அவங்க உங்களைத்தான் நம்பியிருக்காங்க."

"அதனாலதாங்க கேக்குறேன்."

தலைவிக்கு அந்தப் பேச்சின் உட்பொருள் தெரியாது. "சீக்கிரம் போங்க. வெளிய ஆள் கூடிட்டாங்க. நமக்கு முன்னாடி வேற யாராவது வாய விட்டுரப் போறாங்க" என்று மட்டும் சொன்னார்.

கண்டக்டர் மேலங்கியை இழுத்துச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார். வாழ்நாளெல்லாம் கூட்டத்துக்குள் உரக்கக் குரல் கொடுத்தவர் இப்போது மெல்லக் கேட்டார். "போலாமாம்மா?"

"அண்ணே, நீங்க கதவுகிட்டயே நில்லுங்க. நான் முதல்ல போய்ப் பக்கத்துல உக்காந்துக்கிறேன். ரெண்டு பேரா அவ்வளவு தூரம் நடந்து போனா, நாம போய்ச் சேர்றதுக்குள்ளயே அந்தப் பொண்ணு செத்துரும்."

"விதி அப்படி இல்லையேம்மா."

"தெரியும்ணே. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

கண்டக்டர் தயங்கினார், பிறகு கதவோரம் ஒதுங்கினார். கண்ணாடிக்காரம்மா தனியே கூடத்துக்குள் நடந்தார்.

வழியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒருவர்தான் என்று கண்டு தத்தம் கவலைக்குத் திரும்பினார்கள். தொலைவிலேயே மனைவி அவரைப் பார்த்துவிட்டாள். அவர் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

அவள் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து ஒருமுறையும் அப்படி மலர்ந்ததில்லை.

"பாத்தியா! மெஷின் நின்னதும் என்னமோ ஏதோன்னு அழுதியே. அக்கா தனியா வராங்க பாரு!" நாத்தனாரை உலுக்கி எழுப்பினாள். பாயில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்கக்கா. நிக்கவே முடியல உங்களால. எங்களுக்காக எவ்வளவு அலையுறீங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க."

அதே கேனிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்து நீட்டினாள்.

கண்ணாடிக்காரம்மா உட்கார்ந்தார். தண்ணீரை வாங்கிக்கொண்டார். சொல்ல வேண்டிய சொல் நாக்கின் நுனி வரை வந்தது. அதை மென்று விழுங்கினார். மறுபடியும் வந்தது. எதிரே அந்த முகம் மலர்ந்தபடியே காத்திருந்தது. தான் கொடுத்த வாக்குதான் அந்த முகத்தில் மலர்ந்து நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கணமும் தாமதிக்கத் தாமதிக்க அது இன்னும் உயரத்திலிருந்து விழப்போகிறது.  

தம்ளரைக் கீழே வைத்தார். கதவுப் பக்கம் திரும்பி, வலக்கையை மெல்ல உயர்த்தினார்.

கதவோரம் நின்ற பச்சை மேலங்கி அசைந்தது.

மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். கை காட்டிய திசையைப் பார்த்தாள். பாய்ந்து கண்ணாடிக்காரம்மாவின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பற்றிக் கீழே இழுத்தாள்.

"வேண்டாம்க்கா. கூப்பிடாதீங்க. நீங்க தனியாத்தானே வந்தீங்க? தனியாத்தானே வந்தீங்க, சொல்லுங்கக்கா!"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். கூடத்தில் பேச்சு அடங்கியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, கண்டக்டர் அவர்களைக் கடந்து கடந்து வந்துகொண்டிருந்தார். மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. பற்றிய மணிக்கட்டை விடாமல், கண்ணாடிக்காரம்மாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறந்துட்டாரும்மா" என்றார் கண்ணாடிக்காரம்மா.