கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுப்பு

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க சார். அவ்வளவு வேண்டாம். சிரிக்காதீங்க."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கு வேலை விண்ணப்பத்தில் ஒட்டப் படம் வேண்டும். அவர் போட்டிருந்த கோட்டு ஸ்டுடியோவுடையது. அதற்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. முதுகில் இரண்டு நாடா. எந்த உடம்புக்கும் பொருந்த வேண்டும் என்று பக்கத்துக் கடைத் தையல்காரி அப்படித் தைத்துக் கொடுத்திருந்தாள். பின்னால் தொங்கும் நீலத் திரையும் அவள் கைவேலைதான்.

ஸ்டுடியோக்காரி கணினியில் அவர் கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பை எடுத்தாள். நெற்றிப் பருவை எடுத்தாள். அவள் தொழிலில் பாதி அதுதான்.

"நான் இவ்வளவு நல்லாவா இருக்கேன்?" என்றார் அவர்.

"இதைவிட நல்லாதான் இருக்கீங்க. கோட்டைக் கழட்டுங்க."

மதியச் சாப்பாடு தையல் கடையில். பல வருடமாக இருவருக்கும் அதுதான் வழக்கம். நடுவில் சில மாதங்கள் மட்டும் விட்டுப்போயிற்று. தையல்காரிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, ஊசி மருந்து, கதிர்வீச்சு, எல்லாம் முடிந்தது. நோய் இப்போது இல்லை, ஆனால் ஐந்து வருடம் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும், பரிசோதனைக்கு வர வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கொட்டிய முடி வளர்ந்தது. மருத்துவமனைக்குக் கட்ட வாங்கிய கடனுக்கு வட்டியும் வளர்ந்தது. லாரி ஓட்டும் கணவனின் சம்பளம் வந்த வேகத்தில் அதற்கே போனது.

"மாத்திரை போட்டியா?" என்றாள் ஸ்டுடியோக்காரி.

"இன்னைக்கு மாத்திரை நாள் இல்ல."

"மாத்திரைக்கு ஏதுடி நாளு? தினமும்தானே?"

தையல்காரி டப்பாவை மூடினாள். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடறேன். ஒரு அட்டை ரெண்டு அட்டை மாதிரி வருது பாரு."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டரா வாங்கித் தர்றாரு?"

"மருந்த பாதியாக்கினா நோயும் பாதியா வருமாடி? முழுசா வந்து நிக்கும்."

"வந்தா பாத்துக்கலாம். கத்தாத, வெளிய கஸ்டமர் நிக்கிறாங்க."

ஸ்டுடியோக்காரி அதற்குமேல் சாப்பிடவில்லை. தன் கல்லாவில் இருந்ததை எடுத்து ஒரு அட்டை வாங்கிக் கொடுத்தாள். அது ஒரு அட்டை. இன்னும் ஐந்து வருடம் இருந்தது.

கடைத்தெருச் சங்கத்துக்குச் செயலாளர் குழாய்க்கடைக்காரர். யாருக்கு ஆபத்து என்றாலும் வாட்ஸ்அப் குழுவில் வசூல் செய்து கொடுப்பவர் அவர்தான். ஸ்டுடியோக்காரி கேட்டதும் ஒத்துக்கொண்டார். "ஒரு போட்டோ மட்டும் அனுப்பும்மா" என்றார்.

தையல்காரி படத்துக்கு வந்தாள். புதுச் சட்டை. உதட்டில் சாயம்.

"உதவி கேக்கற படத்துக்கு எதுக்குடி லிப்ஸ்டிக்?"

"கேக்கறது நான்தானே? நான் இப்படித்தான் இருப்பேன். சீக்கிரம் எடு."

"சிரிக்காத."

சொன்னதுமே தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குட்டை முடியும் பெரிய பல்லுமாகப் படம் அழகாக வந்திருந்தது.

குழாய்க்கடைக்காரர் படத்தைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இதப் போட்டா ஜனங்க இவங்ககிட்ட போய்க் கடன் கேப்பாங்க."

"நோய் சரியாயிடுச்சுண்ணா. மருந்துக்குத்தான் இல்ல."

"அது நமக்குத் தெரியும். நான் எத்தனையோ பேருக்கு வசூல் பண்ணவன்ம்மா. ஜனங்க படிக்க மாட்டாங்க, பாப்பாங்க. சரியாயிடுச்சுன்னு எழுதினா, நல்லதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. மொட்டைத் தலையா இருந்தப்ப எடுத்தது ஏதாவது இருக்கா?"

"எடுக்கவே விடல அவ."

"அப்போ நீயே கண்ணுக்குக் கீழ கொஞ்சம் கறுப்பு அடிச்சு விடேன். உன் கையில இல்லாத வேலையா?"

அவர் கெட்டவர் இல்லை. மாத்திரை வர வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பும்.

கதவைச் சாத்திவிட்டு ஸ்டுடியோக்காரி கணினி முன் உட்கார்ந்தாள். எத்தனையோ முகத்திலிருந்து எடுத்த கறுப்பை முதல் தடவையாக ஒரு முகத்தில் வைத்தாள். கன்னத்தைக் குழியாக்கினாள். உதட்டை வெளுக்கவைத்தாள். சிரிப்பை மூடினாள். முடியை எடுத்தாள். எங்கே எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊசி போட்டு வந்த நாட்களில் வாந்திக்கு வாளி பிடித்தவள் அவள். வேலை சுலபமாக முடிந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் அனுப்பினாள்.

பணம் வந்தது. படத்துக்குக் கீழே 'உயிருக்குப் போராடும் சகோதரி' என்று யாரோ சேர்த்திருந்தார்கள். அது இந்தக் குழுவிலிருந்து அந்தக் குழுவுக்குப் போய் ஊர் முழுக்கச் சுற்றியது. தையல்காரி இந்தக் குழுக்கள் எதிலும் இல்லை. வசூலானது என்று மட்டும் அவளுக்குத் தெரியும். வட்டி கட்டினாள். நாலு அட்டை வாங்கினாள். தோழியின் கண் முன்னால் ஒன்றை விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள்.

"போதுமா, நர்ஸம்மா?"

அடுத்த வாரம் ஒரு டீச்சர் தையல் கடைக்கு வந்தாள். கையில் ஆப்பிள் பை. "எப்படிம்மா இருக்கீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். "நீங்க ஏன் கடைக்கெல்லாம் வர்றீங்க? ரெஸ்ட் எடுங்க. பொண்ணுக்குத் தைக்கக் குடுத்த துணிய மட்டும் தந்திடுங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

மறுநாள் இன்னொருத்தி. அவள் கையில் ஆரஞ்சு. ஒரு பள்ளியின் சீருடை வேலை வருடா வருடம் தையல்காரிக்குத்தான் வரும். அலுவலகத்திலிருந்து போன் செய்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது. மேஜையில் பழம் குவிந்தது.

"எல்லாரும் ஏன்டி என்கிட்ட மெதுவா பேசறாங்க?" என்றாள் தையல்காரி. "எனக்குக் காது நல்லாதான கேக்குது?"

ஸ்டுடியோக்காரி ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவதாக வந்தவள் தையல்காரியையும் தன் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள். "நேர்ல அப்படித் தெரியலையேம்மா" என்று படத்தைக் காட்டிவிட்டாள்.

தையல்காரி ஸ்டுடியோவுக்குள் வந்தபோது அங்கே வேறு யாரும் இல்லை. அந்தப் பெண்ணிடம் வாங்கி வந்த கைப்பேசியை மேஜையில் வைத்தாள்.

"இது யாரு?"

ஸ்டுடியோக்காரி எழுந்து நின்றாள்.

"அத்தனை மாசத்துல ஒரு படம் எடுக்க விட்டேனாடி? ஏன் விடல? இந்த மூஞ்சி எங்கயும் இருக்கக் கூடாதுன்னுதான். நான் கண்ணாடியக்கூடத் துணி போட்டு மூடி வெச்சேன். நீ உக்காந்து வரைஞ்சிருக்க."

"நீ மாத்திரை போடணும்னுதான்…"

"மாத்திரை வந்துச்சு. துணிதான் வரல. போறவ தெச்சா முடிக்க மாட்டான்னு ஊரே துணியத் திருப்பி வாங்கிட்டுப் போவுது. இந்த அட்டைங்க தீந்ததும் என்ன பண்ணுவ? இன்னும் கொஞ்சம் கறுப்பு அடிப்பியா? அடுத்த தடவ கண்ண மூட வெச்சு எடுப்பியா?"

ஸ்டுடியோக்காரிக்கு நோய்க் காலத்தில்கூட இவள் முன்னால் அழுகை வந்ததில்லை. இப்போது வந்தது. தையல்காரி, கோபம் முழுக்க இறங்காமலே, ஸ்டுடியோ கோட்டின் நாடாவை எடுத்து அவள் மூக்கருகே நீட்டினாள்.

"தொட. கறுப்பு அடிச்சவ, அப்படியே இந்த மூக்கையும் கொஞ்சம் சின்னதாக்கியிருக்கலாம்ல? ஊரெல்லாம் போவுதுல்ல, ஒரு மரியாதை வேண்டாம்?"

அன்று மாலை ஸ்டுடியோக்காரி குழுவில் எழுதினாள். போன படம் உண்மையல்ல, நான்தான் மாற்றினேன், அவளுக்குத் தெரியாது. நோய் சரியாகிவிட்டது. மாத்திரையும் பரிசோதனையும் கடனும் மட்டும் இன்னும் இருக்கின்றன. பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் என் கடைக்கு வரலாம். கீழே சிரிக்கும் படத்தைப் போட்டாள்.

குழாய்க்கடைக்காரர் உடனே போன் செய்தார். "என் பேரு என்னம்மா ஆவறது?"

"எனக்கும் பேரு இருக்குண்ணா. அதான் எழுதினேன்."

இரண்டு பேர் வந்து கேட்டார்கள். அவள் தன் கல்லாவிலிருந்து கொடுத்தாள். மற்றவர்கள் வரவில்லை. அதே சிரிப்புப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஸ்டுடியோ வாசல் கண்ணாடிக்குள் மாட்டினாள். ஒரு பக்கம் பட்டம் வாங்கிய பையன், இன்னொரு பக்கம் குப்புற விழுந்த குழந்தை, நடுவில் அந்தப் பெரிய பல். கீழே ஒரு அட்டை: 'நலமாக இருக்கிறார். அடுத்த கடையில் தைத்துக் கொடுக்கிறார்.'

முதலில் திரும்பி வந்தவள் டீச்சர். கையில் பழம் இல்லை. துணி இருந்தது.

"இந்தத் தடவையாவது சொன்ன தேதிக்குக் குடுப்பீங்களா? போன தடவ மாதிரி நாலு நடை நடக்க விடாதீங்க."

குரல் கணீரென்று இருந்தது. தையல்காரி சுவரைத் தட்டினாள். "ஏய், கேட்டியாடி? என்னைத் திட்டறாங்க!"

குழாய்க்கடைக்காரர் மட்டும் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு மதியம் பேன்ட் துணியோடு வந்து, வாசலிலேயே நின்றார். இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. நல்லதுக்குன்னுதான் சொன்னேன்."

"தெரியும்ண்ணா. உங்களாலதான் மாத்திரை வந்துச்சு. அத மறக்க மாட்டேன்."

"கடைக்காரங்க எல்லாம் பேசினோம். மாசா மாசம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மருந்துக்கடையில நேரா கட்டிடறோம். கடன் முடியற வரைக்கும். இதுக்குப் படமெல்லாம் வேண்டாம்."

தையல்காரி கை கழுவிவிட்டு வந்தாள். கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டாள்.

"சாகக் கெடக்கறவங்களுக்குக் குடுக்க எல்லாருக்கும் மனசு வருதுண்ணா. பொழைச்சு வந்தவங்களத்தான் யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. சிகிச்சை முடிஞ்சா செலவும் முடிஞ்சுதுன்னு நெனைக்கறாங்க. அதுக்கப்பறம்தான் பாதிப் பேரு மருந்த நிறுத்தறாங்க, நான் நிறுத்தப் பாத்த மாதிரி. உதவி பண்ணுங்க. ஆனா அத வாங்கறதுக்காக ஒருத்தர செத்துக் காட்டச் சொல்லாதீங்க. சிரிச்ச மூஞ்சியோட கேட்டாலும் குடுங்க." நாடாவை விரித்தாள். "உள்ள வாங்க. இடுப்ப இழுத்துப் பிடிக்காதீங்க, உண்மையான அளவு வேணும்."

குழாய்க்கடைக்காரர் மூச்சை விட்டார். இடுப்பு விரிந்தது.

அவர் போனதும் ஸ்டுடியோக்காரி டப்பாவைக் கழுவி வைத்தாள்.

"இன்னைக்கு என்ன நாளுடி?"

"மாத்திரை நாள்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் மாத்திரை நாள்தான். போடி, உன் கடையில ஆள் நிக்குது."