தலைகீழாகச் சுற்றிய விசிறி

அக்கா மறுபடியும் மேலே ஏறி வந்து மூச்சு வாங்கினாள். இரண்டாம் பிளாட்பாரத்தைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. நான் அதே சுரங்க ரயில் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில்.

"தொண்டையெல்லாம் கரியா இருக்குடி. கீழே உன் ஃபேன் ஓடுதா, தூங்குதா?"

திரையில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. இறங்கிப் போய் அதன் கம்பி வலைமேல் டிஷ்யூ தாளை வைத்தேன். உள்ளே இழுபட வேண்டிய தாள் என் முகத்தில் அடித்தது. போன வாரம் மோட்டாரைக் கழற்றி மாட்டியவர்கள் இரண்டு வயரை இடம் மாற்றியிருந்தார்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் திரைக்குப் பச்சைதான். சுரங்கத் தூசி மொத்தமும் பிளாட்பாரத்துக்கு வந்துகொண்டிருந்தது. தீப்பிடித்தால் புகையும் இங்கேதான் வரும்.

இன்ஜினியர் அறையில் தனியாக இருந்தார். நாலு பேர் இருந்தால் எனக்குப் பேச வராது. சொன்னேன்.

"தெரியும்மா." டீயை உறிஞ்சினார். "மாட்டின அன்னைக்கே தெரியும். மாத்தணும்னா பிளாட்பாரத்தை மூடணும். மூடினா மேல கேள்வி வரும். மாசக் கடைசியில பாத்துக்கலாம்."

"கீழே ஆளுங்க இருக்காங்க சார்."

"ரயில் வந்தா ஏறிப் போயிடுவாங்க."

"எங்க அக்கா போகமாட்டா சார். அவ நாள் முழுக்க அங்கதான்."

"அப்ப அக்காவுக்கு ஒரு மாஸ்க் வாங்கிக் குடு." சிரித்தார்.

எனக்குக் காது சுட்டது. இரண்டாம் பிளாட்பாரத்தில் வண்டிகள் நிற்க வேண்டாமென்று ரயில்களை இயக்கும் தலைமைக் கண்ட்ரோலுக்குப் போனில் சொன்னேன். கீழே இருந்தவர்கள் ஏறி வந்ததும் படிக்கட்டின் ஷட்டரை இழுத்துப் பூட்டி, முன்னால் நின்றேன்.

கூட்டம் சேர்ந்தது. "ஏம்மா, என் ஆபீசுக்கு உங்கப்பாவா போவாரு?" என்றார் ஒருவர்.

"ஃபேன் தலைகீழா ஓடுது! சரிபண்ணாம திறக்கமாட்டேன்!" அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

இன்ஜினியர் ஓடி வந்தார். "யாரைக் கேட்டு மூடினே? சாவியைக் குடு."

"குடுக்கமாட்டேன். இதை மாசக் கடைசி வரைக்கும் விடலாம்னீங்களே, இவங்ககிட்டயும் சொல்லுங்க."

"நிஜமாவா சார்?" என்றார் ஆபீஸ்காரர். எல்லோரும் இன்ஜினியரைப் பார்த்தார்கள். அவர் போனை எடுத்து எலக்ட்ரீஷியனிடம் கத்தினார்: "ஸ்பேனரோட வா. இப்பவே!"

அக்கா என் காதோரம் வந்தாள். "வேலை போயிடும்டி, லூசு. கதவைத் திற, நான் கீழே போறேன்."

துடைப்பத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.