காலிதீன் காக்காவுக்கு ஒத்திகை

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது றாஸிக்கின் வீடு. சரியாகச் சொன்னால் பெண்சாதி றிஸ்லாவின் வீடு; சீதனமாக வந்தது. அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை என்றுதான் அந்த வீட்டையே கட்டிக் கொடுத்தார்கள். அந்த உத்தியோகத்தைத்தான் றாஸிக்குக்குக் கண்ணில் காட்டக் கூடாது. வருகிற சனமெல்லாம் அவரைத்தான் ஏசும். அவர் வாயைத் திறந்தால் மேலதிகாரி, "சுருக்கமாச் சொல்லும்" என்று கையைக் காட்டுவாராம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மதில் அவ்வளவு உயரமில்லை.

போன மாரியில் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்றைக்கென்று ஒரு மவுத்து. ஒலிபெருக்கியில் இறந்தவரின் ஜனாஸாவை அறிவிக்க ஆளில்லாமல், தொழ வந்த றாஸிக்கைப் பிடித்து மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். அல்லாஹ்வே, அந்தக் குரல்! மவுத்தானவரின் பெயரை, அவருடைய வாப்பாவின் பெயரை, மக்கள் மருமக்கள் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தி, எடுத்து, தடவிச் சொன்னார். மீன் வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியை வைத்துவிட்டு அழுதேன். மவுத்தான அந்த மனிசனோடு எனக்கு வருசக்கணக்காகக் கதை பேச்சே இல்லை. ஆனாலும் அழுதேன்.

அதற்குப் பிறகு மவுத்து அறிவிப்பு என்றால் றாஸிக்தான். கந்தோரில் ஒரு வசனத்தைக்கூட முடிக்க முடியாத ஆளுக்கு, இங்கே ஊரே வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கிறது. அறிவித்துவிட்டு வருகிற நாளில் அவருடைய நடையே வேறு. றிஸ்லா ஆக்கின கறியை ருசி என்று சொல்லிச் சாப்பிடுவதும் அன்றைக்குத்தான்.

ஆனால் எல்லோரும் சுகமாக இருக்கிற கிழமைகளும் வரத்தானே செய்யும்? அந்தக் கிழமைகளில் றாஸிக் நோயாளிகளைப் பார்க்கப் போகத் தொடங்கினார். நன்மையான காரியம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வளவிலிருக்கிற பெரியவர் காலிதீன் காக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியபோது, பார்க்கப் போன ஆள் மருமக்களின் முழுப்பெயரை எதற்குக் கேட்க வேண்டும்?

பதில் ஒரு காலையில் கிடைத்தது. நான் மதிலோரம் முருங்கையிலை ஆய்ந்துகொண்டு நிற்கிறேன். அந்தப் பக்கம் கிணற்றடியில் றாஸிக் குளிக்கிறார். வாளித் தண்ணீருக்கு நடுவே அதே குரல்: "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பிரபல அரிசி ஆலை உரிமையாளர் காலிதீன் அவர்கள் வபாத்தானார்கள்..."

நான் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டு றுகையாவிடம் மட்டும் சொன்னேன். நான் சொன்னது ஒத்திகையை, அவ காதில் விழுந்தது மவுத்து.

றுகையா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, அழுதழுது போய் காலிதீன் காக்காவின் கேற்றைத் தட்டினா. திறந்தவர் காலிதீன் காக்கா. கையில் கஞ்சிக் கோப்பை.

"என்னகா எல்லாரும்? யாரு மவுத்து?"

றுகையா முக்காட்டால் கண்ணைத் துடைத்தா. "நீங்கதான் காக்கா!"

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே" என்றார் அவர்.

கதை எங்கே தொடங்கியது என்று துருவிக்கொண்டு போனவர்கள் கடைசியில் கிணற்றடியில் போய் நின்றார்கள். இடையில் என் பெயரும் வந்ததாம். அது முக்கியமில்லை.

அன்று பின்னேரம் றாஸிக், காலிதீன் காக்காவின் வீட்டுக்குப் போனார். காக்காவின் பெண்சாதி சல்மா உம்மாவிடம் கறிவேப்பிலை வாங்க நானும் போனேன்.

றாஸிக் கதிரை நுனியில் இருந்தார். "மாப்புத் தாங்க காக்கா. நீங்க மவுத்தாகணும் எண்டு நான் ஒரு நாளும் நினைக்கல்ல."

"பிறகு?"

"காலையில எழும்பினா பள்ளிப் பக்கம்தான் காது போகுது. ஒண்டும் கேக்கல்லண்டா கந்தோருக்குப் போக மனமே வருகுதில்ல. போன கிழம உங்கட இருமல் கொறஞ்சிட்டு எண்டு றிஸ்லா சொன்னா. எனக்கு..." நிலத்தைப் பார்த்தார். "எனக்குச் சந்தோசம் வரல்ல காக்கா."

ஊரையே அழ வைத்த குரல், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

காக்கா கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பிறகு, "சரி, சொல்லு பாப்பம்" என்றார்.

"எத?"

"என்டயத்தான். அண்டைக்கு நான் கேக்கவா போறன்?"

றாஸிக் மாட்டேன் என்றார். காக்கா விடவில்லை. கடைசியில் தட்டித் தடுமாறிச் சொன்னார். காக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கட்டார்ல இரிக்கிற மருமகன விட்டுட்டாய்."

"என்ட பேரும் இல்ல" என்றா திரைக்குப் பின்னாலிருந்து சல்மா உம்மா. அடுத்த நொடி அவவுக்கு அழுகை வெடித்துவிட்டது. "போதும், நிப்பாட்டுங்க ரெண்டு பேரும்!"

றாஸிக் எழும்பினார். இனி மைக்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே இருந்தார். முகம் பழையபடி கந்தோர் முகமாகிவிட்டது. மோதினார் இருமி இருமி அறிவித்த மவுத்துக்கு, யாருகா யாருகா என்று பாதி ஊர் போன் போட்டுத் திரிந்தது. பள்ளி நிர்வாகத்தார் வந்து கேட்டும் றாஸிக் மசியவில்லை. நேற்று இன்னொரு மவுத்து. காக்காவே பொல்லை ஊன்றிக்கொண்டு றாஸிக்கின் வீட்டுக்கு வந்தார்.

"போய்ச் சொல்லு மனே. மவுத்தானவனுக்கும் ஒரு மரியாத வேணும். நான் இரிக்கன், பயப்படாத."

அஸர் தொழுகைக்கு முன்னர் அந்தக் குரல் திரும்பவும் கேட்டது. நான் அழுதேன், அதை விடுங்கள். பிறகு றாஸிக் தெருவால் வருகிறார். அதே நடை. முகத்தில் அதே வெளிச்சம். கேற்றடியில் காலிதீன் காக்கா நிற்பதைக் கண்டதும், சாரனில் ஒட்டின மணலைத் தட்டுகிற மாதிரி அந்த வெளிச்சத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மருந்து குடிச்சீங்களா காக்கா?"

"ஓம், குடிச்சன்."

"காட்டுங்க பாப்பம்."

காக்கா முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய், குளிசை அட்டையைக் கொண்டுவந்து காட்டும் வரைக்கும் றாஸிக் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.