கெலமென் சாகக் காத்திருந்த ஸ்டேடியம்

ஊர்ச் சனம் மொத்தமும் போய் உட்கார்ந்தாலும் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். அப்பேர்ப்பட்ட ஸ்டேடியத்தைத் திஸா ஆற்றங்கரையில் மேயர் வதாஸ் திஹமேர் கட்டிக்கொண்டிருந்தார். ஆடுவதற்கு உருப்படியான அணி கிடையாது. அதனாலென்ன, கூரை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பெயர்தான் பாக்கி.

பெயருக்கும் ஆள் இருந்தார். போடிஷ் கெலமென். காலமெல்லாம் இரண்டாம் டிவிஷனில் கோல்கீப்பராக நின்றவர். புடாபெஸ்ட்டின் பெரிய அணி ஒன்று அடித்த பெனால்டியை மூஞ்சியால் தடுத்து, முன்பற்களைப் புல்லிலேயே விட்டுவிட்டு வந்தவர். அந்தப் பல் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லாத கிழவன் ஊரில் இல்லை. சொல்கிறவர்கள் எல்லாரும் அன்று வந்திருந்தால் பழைய மைதானத்துப் பலகைகள் முறிந்தே போயிருக்கும்.

ஒரே ஒரு இடைஞ்சல். உயிரோடிருப்பவர் பெயரை எதற்கும் வைப்பதில்லை என்று ஊர் மன்றத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் பலகையைக் கழற்றிக் கழற்றி மாட்டிய அலுப்பு. கெலமெனோ குத்துக்கல் மாதிரி இருந்தார்.

நவம்பரில் அவருடைய பெயர் நாளுக்கு, அதாவது அந்தப் பெயருள்ளவர்கள் எல்லாரும் பிறந்தநாள்போலக் கொண்டாடும் நாளுக்கு, மேயர் ஒரு பாட்டில் பிளம்ஸ் சாராயத்தோடு வந்தார். பின்னாலேயே துணை மேயர் சோங்கோர்.

"உடம்பு எப்படி இருக்கு மாமா?" என்றார் மேயர்.

"நல்லாத்தான் இருக்கு."

"நெஞ்சு கிஞ்சு அடைக்குதா?"

"அதெல்லாம் இல்ல."

மேயர் முகம் தொங்கிப்போனது. "வசந்தத்துல திறப்பு விழா மாமா. அதுக்கடுத்து தேர்தல்" என்றார், கெலமென்தான் வேலையைத் தாமதப்படுத்துகிறார் என்பதுபோல.

கிளாஸ் எடுத்து வைத்த இல்கா, கெலமெனின் மனைவி, சும்மா இருக்கவில்லை. "இவரு பந்துக்கே சீக்கிரம் போனதில்ல. அதுவா மேல வந்து விழட்டும்னு நிப்பாரு. இதுக்கா அவசரப்படப் போறாரு?"

மற்றவர்கள் சிரித்தார்கள், கெலமென் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பெயர் வேண்டும். பிள்ளைகுட்டி இல்லை, கோப்பை இல்லை, இருந்த பல்லும் போயாயிற்று. ஸ்டேடியத்துக்குச் சைக்கிளில் போய், வாசலுக்கு மேலிருந்த வெறும் சுவரைப் பார்த்துத் தன் பெயரை முணுமுணுத்துவிட்டு வருவார். செத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு ஆளுக்குப் பித்து ஏறியிருந்தது.

ஜனவரியில் மேயர் வீட்டில் பன்றி வெட்டினார்கள். ரத்த சாசேஜும் பொரித்த கொழுப்பும் ஆவி பறக்க வந்துகொண்டே இருந்தன. இன்னொரு தட்டு கேட்டுக் கையை நீட்டிய மேயர், நீட்டிய கையோடு சாய்ந்தவர்தான். மன்றம் கூடியது. யோசிக்கவே இல்லை. வாழ்நாளில் ஒரு பந்தை உதைத்தறியாத மனிதரின் பெயர் வாசலில் ஏறிவிட்டது.

கெலமெனுக்கு வயிறு பற்றி எரிந்தது. "அவன் செஞ்ச சாதனை என்னடி?"

"செத்தான். உன்னால அதுகூட முடியல."

மேயர் பதவிக்கு வந்த சோங்கோர் மறுபடி வந்தான். "ஸ்டேடியத்தோட பக்கத்து கேட்டுக்கு உங்க பேரு மாமா. கேட்டுன்னா உயிரோட இருந்தாலும் பரவாயில்லன்னு பேசி முடிச்சிட்டேன். ஒண்ணே ஒண்ணு. திறப்பு விழாவுல அமைச்சர் பெனால்டி அடிப்பாரு. நீங்க கோல்ல நின்னு, விட்டுடணும்."

"விடணுமா?"

"உங்க வலப்பக்கமா மெதுவாத்தான் அடிப்பாரு. நீங்க இடப்பக்கமா விழுந்துடுங்க."

"சரி" என்றார் கெலமென். அவ்வளவு சீக்கிரம் சொன்னது அவருக்கே கூசியது.

விழாவுக்கு ஊரே வந்திருந்தது. சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கெலமென் ஓவர்கோட்டும் பழைய கையுறையுமாகக் கோலில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் பக்கத்து கேட்டில் துணி மூடிய பலகை நன்றாகவே தெரிந்தது. அமைச்சர் பளபளக்கும் ஷூவோடு ஓடிவந்து உதைத்தார். பந்து தத்தித் தத்தி வலப்பக்கமாக உருண்டது.

இடப்பக்கம் விழுவதாகக் கெலமெனின் வாய் ஒத்துக்கொண்டிருந்தது. காலிடம் யாரும் கேட்கவில்லை. அது வலப்பக்கம் பாய்ந்தது. கிழவர் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தடாலென்று விழுந்தார்.

விதை கடிக்கும் சத்தம்கூட நின்றுபோனது. பேண்டுக்காரர்கள் மட்டும் சொல்லிவைத்தபடி கோலுக்கான வெற்றி மேளத்தை முழக்கித் தீர்த்தார்கள்.

சோங்கோர் ஓடிவந்து குனிந்தான். "பந்தை விடுங்க மாமா, அவரு இன்னொரு தடவ அடிக்கட்டும்."

கெலமென் விடவில்லை. கேட்டில் ஒருவன் ஏணி போட்டு, பலகையைத் துணியோடு கழற்ற ஆரம்பித்திருந்தான். அதைப் பார்த்தார், நெஞ்சு வலித்தது, பந்தை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

இல்கா மெல்ல நடந்து வந்தாள். "ஏய்யா, செத்துட்டியா?"

"இல்ல."

"அப்ப பேரும் இல்ல. எந்திரி." விழுந்த வேகத்தில் வாயிலிருந்து தெறித்துப் புல்லில் கிடந்த அவருடைய பல் செட்டை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள்.

பொக்கை வாயோடு கெலமென் சிரித்தார். "இந்தத் தடவ நெசமாவே எல்லாரும் பாத்துட்டாங்க இல்கா."

மறுநாள் மதுக்கடையில் அமைச்சரின் பெனால்டியைப் பற்றி விசாரித்தால், நேற்று ஸ்டேடியத்துக்குப் போன ஆள் ஊரில் ஒருவர்கூட இல்லை.