பல்லில் கவ்விய யாஷ்மக்

காலிதாவுக்கு வாய்த்த மருமகளைப் பார்த்து வயிறெரியாத மாமியார் திருப்பாலைக்குடியில் கிடையாது. மகன் பர்வேஸ் துர்க்மெனிஸ்தானில் எரிவாயு ஆலைக்கு வெல்டராகப் போன இடத்தில் மாய்சாவை நிக்காஹ் செய்து கூட்டிவந்தபோது தெருவே வாய்பிளந்து நின்றது. தலையில் கட்டிய பூப்போட்ட துணியின் முனையை வாய்க்குக் குறுக்கே இழுத்துப் பல்லில் கவ்வியிருந்தாள். அதற்கு யாஷ்மக் என்று பேர். அவள் ஊரில் மருமகள்கள் மாமனார் மாமியார் முன்னால் அப்படித்தான் இருப்பார்களாம், ஒரு வார்த்தை பேசமாட்டார்களாம்.

காலிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் மற்ற மருமகள்கள் மாமியாரைத் தெருமுனை வரை கேட்க ஏசுகிறார்கள், இங்கே பாருங்கள் இந்தப் பதவிசை! எம் மருமக சத்தத்தை நான் இன்னும் கேட்டதே இல்லை என்று போகிறவள் வருகிறவளிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

பர்வேஸ் ஒருநாள் அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான். அவள் ஊர் வழக்கப்படி மாமனாரான அத்தா ஒரு சேலைத்துணி எடுத்துக் கொடுத்து, பேசும்மா என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், மாய்சா யாஷ்மக்கை எடுத்துவிடுவாள், என்னிடம் தமிழில் ஓயாமல் பேசுகிறவள்தான், அத்தாவிடம் சொல்லுங்கள் என்றான். காலிதா தலையாட்டினாள். ஆனால் புருஷன் இபுராம்சாவின் காதில் அதைப் போடவே இல்லை. நோன்புப் பெருநாள் வரட்டும் என்றாள், அது வந்ததும் ஹஜ்ஜுப் பெருநாள் வரட்டும் என்றாள். பேசத் தொடங்கிவிட்டால் இவளும் ஊரைப் போல ஆகிவிடுவாளே என்று பயம். கிடைத்த மரியாதையை யார்தான் கைநழுவ விடுவார்?

அந்த ஆலை வேலை முடிந்தபிறகு பர்வேஸ் அத்தாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்து இருவரும் வள்ளத்துக்குக் கிளம்பும்போது அவன் முகம் வெளுத்திருந்தது. தூக்கமில்லை, வேறொன்றுமில்லை என்றான். மாய்சா அடுப்படிக்கு வந்து காலிதாவின் கையைப் பிடித்தாள். புருஷனைக் காட்டினாள், நெஞ்சில் கைவைத்தாள், வேண்டாம் என்று தலையாட்டினாள். வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று நமக்குத் தோன்றும். சின்ன வயதிலிருந்து ஊறிப்போன பழக்கம், நாக்கு எழும்பவில்லை.

காலிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷனைப் பிரிய மகாராணிக்கு நெஞ்சு கேட்கவில்லையாம். மத்தியானம் வந்துவிடுவான், போ என்று கன்னத்தைக் கிள்ளி அனுப்பினாள். மாய்சா வாசலுக்கு ஓடினாள். மருமகளை நிமிர்ந்து பார்ப்பது மரியாதையில்லை என்று நினைக்கிற மனிதர் இபுராம்சா, தலையைக் குனிந்தபடியே அவளைக் கடந்து நடந்தார். பர்வேஸ் பெண்டாட்டியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் பின்னாலேயே போனான்.

வெயில் ஏறுவதற்குள் வள்ளம் திரும்பிவிட்டது. வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த பர்வேஸ், கரை வந்து சேரும்வரைகூடத் தாங்கவில்லை. மகனின் மய்யித்தைக் கொண்டுவந்து வீட்டில் கிடத்தினார்கள். என் ஈரக்குலையே போச்சே என்று காலிதா தரையில் விழுந்து புரண்டாள்.

மாய்சா வந்து மாமனார் முன்னால் நின்றாள். துணி வாயிலிருந்து நழுவித் தொங்கியது.

"மாமா, ராத்திரியே நெஞ்சு வலிக்குதுன்னாரு. கையெல்லாம் இழுக்குதுன்னாரு. போகாதீகன்னு சொன்னேன், கேக்கல."

அச்சு அசல் திருப்பாலைக்குடிப் பேச்சு, பர்வேஸ் பேசுவது போலவே. இபுராம்சா முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அடியாத்தா, காலையில எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேனே தாயி. ஏம்மா சொல்லல?"

"நீங்க பேசச் சொல்லலையே மாமா."

"நான் சொல்லணுமா? அது எனக்கெப்படித் தெரியும்?"

"மாமிகிட்டச் சொல்லியாச்சுன்னாரு. மாமி உங்ககிட்டச் சொல்லுவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். காலிதாவின் அழுகை அப்படியே நின்றுபோயிற்று. இபுராம்சா மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். கூடியிருந்த பெண்களும் பார்த்தார்கள்.

"ஒங்கிட்டச் சொன்னானா?"

"சொன்னான்" என்றாள் காலிதா.